1974இல் இல்லாத பதிவு: ஐம்பது ஆண்டு பழைய இறப்புச் சான்றைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

மாமா வீட்டுக் கூடத்தில் என் தாத்தாவின் படம் மாட்டியிருக்கிறது. படத்தின் அடியில் வெள்ளைப் பெயின்ட்டில் "மறைவு: ஆனந்த வருடம், தை மாதம், 1974" என்று எழுதியிருக்கும். சின்ன வயதிலிருந்து நான் பார்த்து வளர்ந்த எழுத்து அது. அதில் ஒரு தவறு இருக்கும் என்று எனக்கோ அம்மாவுக்கோ ஒருநாளும் தோன்றியதில்லை.

2024 மார்ச்சில் தாத்தாவின் இறப்புச் சான்று தேவைப்பட்டது. ஊரில் மூன்று மா நஞ்சை இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். மாமா, அம்மா, சித்தி மூன்று பேரும் அதைப் பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தபோது பட்டாவை எடுத்துப் பார்த்தோம். அது இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நிலப் பதிவு வேலையின்போது, ஏற்கெனவே இறந்துபோனவர்கள் பெயரிலேயே பட்டா பதிவான நிலங்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. எங்களுடையதும் அதில் ஒன்று. பட்டா மாற வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும். பாட்டியின் சான்று கையில் இருந்தது, 2011இல் வாங்கியது. தாத்தாவுக்கு எதுவும் இல்லை.

"அந்தக் காலத்துல யார் போய்ப் பதிவு பண்ணுனா? அப்பா செத்ததை எங்கயும் பதியவே இல்ல மாப்ளே" என்றார் மாமா. அப்போது அவருக்கு 19 வயது, வீட்டுக்கு மூத்த பிள்ளை. அவர் சொன்னால் அதுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்து எழுத்தும் மாமாவின் இந்த வார்த்தையும்தான் அடுத்த சில மாதங்களுக்கு எங்களைத் தவறான திசையில் நடத்தின.

புத்தகம் எங்கே இருக்கிறது?

முதலில் வி.ஏ.ஓ.விடம் போனோம். கிராம ஊராட்சிகளில் பிறப்பு, இறப்புப் பதிவாளர் அவர்தான். நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். "சார், என்கிட்ட இருக்கிறது சமீபத்துப் புத்தகம்தான். 75க்கு முன்னாடின்னா தாலுகா ஆபீஸ்ல கேளுங்க" என்றார். தாலுகா அலுவலகத்தில் பதிவறைப் பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார். அடுத்த முறை போனபோது, அந்தப் புத்தகங்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டன என்றார்கள். சார்பதிவாளர் அலுவலகத்திலோ, "உங்க கிராமத்துக் கட்டு எங்ககிட்ட வரல, தாலுகாவுலதான் இருக்கும்" என்று பதில் வந்தது. இடையில் ஒருவர், "77 புயல்ல எல்லாம் நனைஞ்சு போச்சு சார்" என்றும் சொன்னார். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்த புயலை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அதனால் அந்தப் பதிலைக் கேட்டதும் அம்மா அப்படியே நம்பிவிட்டார்.

இந்த அலைச்சல் எங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. ஒரு கிராமத்து இறப்புப் பதிவேடு ஐம்பது ஆண்டுகளில் எத்தனை கை மாறியிருக்கும் என்பதை வரிசையாக யோசித்தால் காரணம் புரியும்.

இப்போது நடைமுறையில் இருப்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். அதற்கு முன் இங்கே 1899ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் இருந்தது. தாத்தா இறந்த காலத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டாலும் ஊரில் பதிவு எழுதியவர் பழைய ஆள்தான், கிராம முன்சீப். முன்பு வாரிசு முறையில் வந்த முன்சீப், கர்ணம் (ஊர்க் கணக்கர்) பதவிகளை 1980 நவம்பரில் அரசு ஒழித்தது. அப்புறம் வந்தவர்கள்தான் இன்றைய கிராம நிர்வாக அலுவலர்கள். முன்சீப் வீட்டுப் பெட்டியிலும் பரணிலும் கிடந்த கணக்குகள் எல்லாம் அப்போது ஒரே வேகத்தில் கை மாறின. இதற்கிடையே பதிவு விதிகளின்படி ஒவ்வோர் ஆண்டின் புத்தகமும் அந்த ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதம் பதிவாளரிடம் இருந்துவிட்டு, பாதுகாப்புக்காக வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய புத்தகங்கள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குத்தான் போயிருக்கின்றன.

இது போதாதென்று மாவட்டமே மாறியிருக்கிறது. தாத்தா இறந்தபோது எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள் வந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டத்துக்குள் வந்தது. வட்டங்களும் பிரிந்தன, சார்பதிவாளர் எல்லைகளும் மாறின. இன்றைக்கு நம் ஊர் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கேதான் அன்றைய புத்தகமும் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. நாங்கள் அப்படித்தான் எண்ணினோம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் நிரந்தர முக்கியத்துவம் உள்ள ஆவணங்கள், அவற்றை அழிக்கக்கூடாது என்று விதியே சொல்கிறது. அதனால் யாராவது "பழைய புத்தகத்தையெல்லாம் கழிச்சுட்டாங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். புயலிலோ கரையானாலோ உண்மையிலேயே அழிந்திருந்தால், அதையும் எழுத்தில்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு பக்க மனு. தாத்தாவின் பதிவைக் கொடுங்கள் என்று அதில் நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், "அதற்கென்று தனிச் சட்டமும் கட்டணமும் இருக்கிறது, அந்த வழியில் வாருங்கள்" என்று திருப்பி அனுப்ப இடமுண்டு. நான் கேட்டது இரண்டே கேள்விகள். இன்ன வருவாய்க் கிராமத்தின் 1970 முதல் 1980 வரையான இறப்புப் பதிவேடுகள் தற்போது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளன? ஒப்படைத்திருந்தால் எந்தத் தேதியில், எந்தக் கடிதத்தின்படி ஒப்படைக்கப்பட்டன? கூடவே, தகவல் உங்களிடம் இல்லையென்றால் பிரிவு 6(3)இன்படி உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்பவும் என்று ஒரு வரி சேர்த்தேன். அதுவரை அலுவலகங்களுக்கு இடையே நாங்கள் அலைந்தோம். இந்த வரிக்குப் பிறகு மனு அலைந்தது.

முப்பது நாள் கெடுவுக்குள் பதில் வந்துவிட்டது. நாங்கள் போய்க் கேட்ட சார்பதிவாளர் அலுவலகம் இல்லை, எல்லை பிரிப்பதற்கு முன் எங்கள் கிராமம் சேர்ந்திருந்த வேறோர் அலுவலகத்தில் அந்தக் கட்டு இருந்தது.

அந்த மனுவை எழுதும்போதுதான் வருவாய்க் கிராமத்தின் பெயர் எவ்வளவு முக்கியம் என்பது உறைத்தது. நாங்கள் "எங்க ஊர்" என்று சொல்வது ஒரு குக்கிராமம். பதிவேட்டுக் கட்டின் மேல் எழுதியிருப்பதோ அந்தக் குக்கிராமம் அடங்கிய வருவாய்க் கிராமத்தின் பெயர். சித்தி வீட்டு டிரங்குப் பெட்டியில் 1968ஆம் ஆண்டு நிலவரி கட்டிய கிஸ்தி ரசீது ஒன்று கிடைத்தது. அதில் கிராமத்தின் பெயர், எண், பட்டா எண் எல்லாம் முன்சீப் கையெழுத்தோடு இருந்தன. இப்படிப் பழைய பதிவைத் தேடப் புறப்படுகிறவர்கள் முதலில் வீட்டிலிருக்கும் கிஸ்தி ரசீதுகளைத் தேடி எடுங்கள்.

"பதிவு இல்லை" என்ற சான்று

ஜூலையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு கொடுத்தோம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி எந்த நபரும் கட்டணம் கட்டித் தேடச் சொல்லலாம். வாரிசாக இருக்க வேண்டும் என்றோ வாரிசுச் சான்று கொண்டுவர வேண்டும் என்றோ அதில் இல்லை. தேடும் கட்டணம் ஆண்டுக் கணக்கில் வரும் என்பதால் ஆண்டைச் சரியாகச் சொல்வது நல்லது என்றார்கள். நாங்கள் தயங்காமல் 1974 என்று எழுதிக் கொடுத்தோம். படத்தில் இருக்கிறதே.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. தாத்தா பெயரில் இறப்பு எதுவும் பதியப்படவில்லை என்று படிவம் 10இல் பதிவின்மைச் சான்று. மாமா அதைப் பார்த்துவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். அவர் சொன்னதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

அங்கேயே இருந்த பத்திர எழுத்தர் ஒருவர் அடுத்த வழியைச் சொன்னார். பதிவின்மைச் சான்று கையில் வந்துவிட்டதால், வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு போட்டு ஆணை வாங்கிப் புதிதாகப் பதிந்துகொள்ளலாம் என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரியான வழிதான். இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் பிரிவு 13(3)இன்படி ஆணை பெற்ற பிறகே பதிய முடியும். முன்பெல்லாம் இதற்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும் என்று சட்டம் சொன்னது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கும், கோட்ட அளவிலான அதிகாரிக்கும், ஆட்சியர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவருக்கும் கொடுத்தது. அது 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உண்மையிலேயே பதியாமல் விட்ட குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

மாமாவின் உறுதிமொழிப் பத்திரம் தயாரானது. "எங்கள் தகப்பனார் 1974ஆம் ஆண்டு தை மாதம் காலமானார். அவருடைய இறப்பு எந்த அலுவலகத்திலும் பதிவு செய்யப்படவில்லை" என்று ஸ்டாம்ப் பேப்பரில் டைப் செய்து வந்துவிட்டது. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி.

அன்று இரவு பதிவின்மைச் சான்றை எடுத்து நிதானமாகப் படித்தேன். அதுவரை "பதிவு இல்லை" என்ற இடத்தை மட்டும்தான் எல்லோரும் பார்த்திருந்தோம். சான்று உண்மையில் சொன்னது அதுவல்ல. இன்ன கிராமத்துக்கான, 1974ஆம் ஆண்டுக்கான பதிவேட்டில் தேடியதில் இல்லை என்றுதான் இருந்தது. அந்தப் படிவத்தில் ஆண்டுக்கு ஓரிடம், பகுதிக்கு ஓரிடம் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் வெளியே அது எதையும் சொல்வதில்லை. ஓர் ஆண்டின் புத்தகத்தில் இல்லை என்பதை எங்கேயுமே இல்லை என்று நாங்களாக வாசித்துக்கொண்டோம்.

அந்த 1974ஐ அப்புறம்தான் யோசித்தேன். ஆனந்த வருடம் 1974 ஏப்ரலில், சித்திரையில் பிறந்தது. அதன் தை மாதம் எப்போது வரும்? 1975 ஜனவரி நடுவில்.

படத்துக்கு எழுதியவர் தமிழ் வருடத்துக்கு நேரான ஆங்கில ஆண்டு என்ன என்று யாரிடமோ கேட்டு, வருடம் பிறந்த ஆண்டைப் போட்டுவிட்டார். தை, மாசி, பங்குனி மூன்று மாதங்களுக்கும் இந்தத் தவறு நேரும். மார்கழியின் பின்பாதிக்கும் நேரும். நம் வீடுகளில் சாவைத் திதியாலும் மாதத்தாலும் நினைவு வைத்திருப்போம், பதிவேடோ ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கில் இருக்கும். பழைய பதிவு தேடி ஏமாந்தவர்களில் எத்தனை பேர் இந்த மூன்றரை மாத இடைவெளியில் விழுந்திருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அம்மாவை எழுப்பிக் கேட்டேன். அப்போது அவருக்கு 12 வயது. "தை அமாவாசைக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. அமாவாசைக்கு வாங்கி வச்ச வாழைக்காய் அப்படியே கெடந்துச்சு" என்றார். பழைய பஞ்சாங்கக் கணக்கைப் பார்த்தால் 1975இல் தை அமாவாசை பிப்ரவரி 11 வாக்கில் வருகிறது. ஆகவே பிப்ரவரி 9ஐ ஒட்டிய நாட்கள்.

மறுநாள் மாமாவிடம் கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "பதிவு பண்ணலன்னு நானே சொல்றேன், இன்னும் எத்தன தடவ மாப்ளே தேடுவ?" என்றார். அவர் அலுத்துப்போயிருந்தது நியாயம்தான். ஆனாலும் இந்த இடத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன், இப்போதும் அதைச் சரியென்றே நினைக்கிறேன். ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கும்போது 13(3)இல் இன்னொன்றைப் போட்டால், ஒரே மனிதருக்கு இரண்டு இறப்புத் தேதி ஆகிவிடும். நாளைக்கு நிலத்தில் வழக்கு வந்து எதிர்த்தரப்பு பழைய பதிவின் நகலை எடுத்துவந்தால், நம் சான்று மட்டுமல்ல, அதை வைத்து வாங்கிய வாரிசுச் சான்றும் பட்டாவும் கேள்விக்குள்ளாகும். பதியவே இல்லை என்று சத்தியம் செய்தவர் நிலைமை அதைவிட மோசம். புதுப் பதிவுக்குப் போவதற்கு முன், முன்னும் பின்னும் குறைந்தது இரண்டிரண்டு ஆண்டுகளாவது தேடிவிட வேண்டும். 

இன்னொரு சந்தேகத்தையும் அன்றே தீர்த்துக்கொண்டோம். இறப்பு நடந்த இடத்தில்தான் பதியப்படும், இறந்தவர் குடியிருந்த ஊரில் அல்ல. தாத்தாவைக் கடைசி வாரத்தில் மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எல்லோருக்கும் நினைவிருந்தது. அங்கே இறந்திருந்தால் நகராட்சிப் புத்தகத்தில் அல்லவா பார்க்க வேண்டும்? வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்த பிறகு, திண்ணையில்தான் உயிர் போனது என்று அம்மாவும் சித்தியும் தனித்தனியாகச் சொன்னார்கள். அதனால் கிராமப் புத்தகமே போதும் என்று முடிவு செய்தோம்.

1975ஆம் ஆண்டுப் புத்தகம்

செப்டம்பர் முதல் வாரத்தில் 1973, 1975, 1976 மூன்று ஆண்டுகளுக்கும் புதிதாக மனு கொடுத்தோம். மனுவில் தாத்தாவின் முழுப்பெயரோடு ஊரில் அவரைக் கூப்பிட்ட சுருக்கப் பெயரையும், அவருடைய தகப்பனார் பெயரையும் எழுதினேன். முன்சீப் தெரிந்த மனிதரைத் தெரிந்த பெயரில்தான் எழுதியிருப்பார் என்று தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பதிவு இருக்கிறது, பெயர் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது, குடும்பத்தில் பெரியவர் யாராவது வந்து உறுதி செய்ய முடியுமா என்றார்கள். மாமாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

நீளவாக்கில் கட்டிய புத்தகம், ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. எழுத்தர் அம்மா ஒரு வெள்ளைத்தாளால் மேல் வரிகளை மறைத்து எங்கள் வரியை மட்டும் காட்டினார். அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது, அடுத்தவர் வீட்டுச் சாவு நமக்கு எதற்கு? இறந்த தேதி 9-2-1975. பதிந்த தேதி 13-2-1975. பெயர் இருந்த இடத்தில் ஊரில் கூப்பிட்ட சுருக்கப் பெயர். தகப்பனார் பெயர் சரி. வயது 58. இறப்புக்குக் காரணமும் ஒரு சொல்லில் எழுதியிருந்தது. ஆனால் சான்றில் அது வராது. இறப்பின் காரணத்தை யாருக்கும் கொடுக்கும் நகலில் வெளியிடக்கூடாது என்று 17ஆம் பிரிவே சொல்கிறது.

கடைசிக் கட்டம், தகவல் கொடுத்தவர். அதில் நீல மையில், எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, ஒரு கையெழுத்து இருந்தது.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது நான் போட்டது" என்றார்.

அவருக்கு அது துளியும் நினைவில்லை. யார் கூட்டிக்கொண்டு போனார்கள், முன்சீப் வீட்டுக்குப் போனாரா, அவர் வந்தாரா, எதுவும் தெரியவில்லை. அப்பா இறந்து நான்காம் நாள், 19 வயதில், யாரோ நீட்டிய புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஐம்பது ஆண்டுகளாக, பதியவே இல்லை என்று உண்மையாகவே நம்பியிருந்தார். பதியவில்லை என்று எழுதிய ஸ்டாம்ப் பேப்பர் அப்போதும் அவர் கைப்பையில்தான் இருந்தது.

பெயர் வித்தியாசத்தைச் சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. ஒன்று, 15ஆம் பிரிவில் திருத்தம். விவரம் தெரிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். பதிவாளர் மூல வரியை அடிக்காமல், மாற்றாமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையெழுத்திடுவார். இன்னொன்று, பதிவை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று வருவாய்த் துறையில் சான்று வாங்குவது. இரண்டாவது வேகமாக முடியும் என்றார்கள். நாங்கள் திருத்தத்தையே தேர்ந்தெடுத்தோம். தனிச் சான்று எங்காவது தொலைந்துபோகும், ஓரத்தில் எழுதியது புத்தகம் உள்ளவரை இருக்கும். சாட்சிக்கு ஊரில் தாத்தாவை அறிந்த இரண்டு பெரியவர்கள் கிடைத்தார்கள், ஒருவருக்கு 81 வயது. இன்னும் ஐந்தாண்டு தள்ளிப்போட்டிருந்தால் யார் கிடைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

நவம்பரில் படிவம் 6இல் சான்று கையில் கிடைத்தது. கிஸ்தி ரசீது, பட்டா நகல், பாட்டியின் சான்று எல்லாவற்றையும் சேர்த்து வாரிசுச் சான்றுக்கு மனு போட்டாயிற்று.

சான்றில் தகவல் கொடுத்தவர் கையெழுத்து இருக்காது, பதிவின் விவரங்கள் மட்டும்தான் இருக்கும். அது தெரிந்ததும் மாமா எழுத்தர் அம்மாவிடம், அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை காட்ட முடியுமா என்று கேட்டார். அவர் மறுக்காமல் கட்டை மறுபடி அவிழ்த்து, அதேபோல் மற்ற வரிகளை மறைத்துக் காட்டினார். மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பல்லாம் இனிஷியலை எழுத்துக்குப் பின்னாடி போடுவேன்" என்று என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அப்புறம் புத்தகத்தை மூடச் சொன்னார்.